ஓடுதா, நிக்குதா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல குடல்ல ரத்தம் கசியிற இடத்தைத் தேடுற நியூக்ளியர் ஸ்கான் பற்றி அரைப் பக்கம் எழுதினன், அதுக்கு இப்பிடிக் கடிதம் வந்து குவியும் எண்டு நினைக்கவே இல்லை. ஒண்டை முதல்லயே சொல்லிடுறன், நான் டொக்டர் இல்லை. அந்தக் கமராவுக்குப் பக்கத்தில நிண்டு ஊசி கலக்கி, படம் எடுத்து, வயசு போய் பென்ஷனோட திருகோணமலைக்குத் திரும்பி வந்த ஒரு டெக்னீசியன். மருந்து மாத்துறது, வெட்டுறது எல்லாம் உங்கட டொக்டரோட கதைச்சுத்தான் செய்யோணும். படம் எப்பிடி ஆளை ஏமாத்தும் எண்டது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும், ஏனெண்டா என்னையே கனதரம் ஏமாத்தியிருக்கு.

கேள்வி: ஐயா, எங்கட அப்பாக்கு 68 வயசு. ரெண்டு மாசமா வெளிக்குப் போனா தார் மாதிரிக் கறுப்பா போகுது. ஹீமோகுளோபின் 7க்கு இறங்கி ரெண்டு பைன்ட் ரத்தம் ஏத்தினவங்க. வாய் வழியா கமரா விட்டும் பாத்தாச்சு, கீழ் வழியாவும் பாத்தாச்சு, ஒண்டும் இல்லையாம். பிறகு தூர ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஊசி போட்டு அந்த ஸ்கான் எடுத்தம். ரிப்போட்ல இடது பக்கம் கீழ் வயித்தில ரத்தம் கசியுது எண்டு எழுதியிருந்துச்சு. ஒப்பரேசன் எண்டு பயந்து போய் இருக்கேக்க இன்னொரு பெரிய டொக்டர் படத்தை கொம்பியூட்டர்ல ஓட விட்டுப் பாத்திட்டு "இது ரத்தம் இல்லை, சலம்" எண்டிட்டார். ஒரே படத்தைப் பாத்து ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொல்லுவாங்களா? நாங்க யாரை நம்புற?
ஒரு மகள், உவர்மலை

பதில்: சொல்லுவாங்க தங்கச்சி, அதில அதிசயம் இல்லை. படத்தை நான் பாக்கேல்லை, அதால தீர்ப்புச் சொல்ல வரேல்லை. ஆனா நீங்க எழுதினதில ஒரு சொல் இருக்கு பாருங்க, "ஓட விட்டு" எண்டு. விஷயமே அதுக்குள்ளதான் இருக்கு.

இந்த ஸ்கான்ல என்ன நடக்குது எண்டா, அப்பாட ரத்தத்தில இருக்கிற சிவப்பு அணுக்கள்ல டெக்னீசியம்-99எம் எண்ட கதிர்ப் பொருளை ஒட்ட வச்சு உடம்புக்குள்ள ஓட விடுவாங்க, கமரா வயித்துக்கு மேல நிண்டு அதில இருந்து வாற காமாக் கதிரைப் பிடிக்கும். இப்ப ரத்தம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் படத்தில வெளிச்சம் வரும். ஈரல், மண்ணீரல், நடு வயித்தால இறங்குற பெரிய குழாய், தொடைக்குப் போற குழாய்கள், எல்லாமே. அதுகள் இருக்க வேண்டிய வெளிச்சம். குழாயை விட்டு வெளியேறி குடலுக்குள்ள விழுந்த ரத்தம் மட்டும்தான் கசிவு. ஆக வெளிச்சம் தெரிஞ்சிட்டுது எண்டதுக்காக கசிவு எண்டு எழுதினா, உடம்பில ரத்தம் இருக்கு எண்டு கண்டுபிடிச்ச மாதிரித்தான் முடியும்.

நீங்க உவர்மலையில இருக்கிறீங்க, ராத்திரியில துறைமுகத்தைப் பாத்திருப்பீங்கதானே. நங்கூரம் போட்டு நிக்கிற கப்பல்ட லைட், அக்கரை லைட், மீனுக்குப் போற வள்ளத்திட லைட் எல்லாம் ஒண்டாக் கலந்துதான் தெரியும். ஒரே ஒரு போட்டோ எடுத்துக் காட்டினா எது வள்ளம் எது கரை எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது. பத்து நிமிஷம் நிண்டு பாத்தா ஓடுறது தானாப் பிரிஞ்சு தெரியும். அதுக்காகத்தான் இந்த ஸ்கானை ஒரு படத்தோட நிப்பாட்டாம, 10 செக்கனில இருந்து 60 செக்கனுக்குள்ள ஒரு படம் எண்டு 60, 90 நிமிஷம் தொடர்ந்து எடுத்து, பிறகு சினிமா மாதிரி ஓட விட்டுப் பாக்கிறது. முதல் படத்தில இல்லாத இடத்தில புதுசா ஒரு புள்ளி வரோணும், நேரம் போகப் போக அது கூடோணும், குடல் வளையிற வழியில அது நகரோணும். முன்னுக்கும் நகரலாம் பின்னுக்கும் நகரலாம், குடல் ரெண்டு பக்கமும் தள்ளும். இந்த மூண்டும் சேந்து வந்தாத்தான் கசிவு எண்டு துணிஞ்சு எழுதலாம். 15 நிமிஷத்துக்கு ஒரு படம் எண்டு நாலைஞ்சு படத்தை பிலிம்ல அடிச்சுக் குடுத்து ரிப்போட் எழுதின காலத்திலதான் கன பிழை நடந்தது.

முதல் படத்தில இருந்தே நிண்டு, கடைசி வரைக்கும் அசையாம, ரத்தக் குழாய்கள் மங்கேக்க தானும் மங்குற வெளிச்சம் எண்டா அது பெரும்பாலும் கசிவே இல்லை. வீங்கின குழாய், ஈரல் வருத்தக்காரருக்கு வாற வீங்கின நாளங்கள், ரத்தக் குழாய்க் கட்டி, சில பேருக்குப் பிறப்பிலயே இருக்கிற குட்டி மண்ணீரல், இடம் மாறிக் கீழ இருக்கிற கிட்னி, இதெல்லாம் அந்த ரகம். இதுகளைப் பழகின கண் லேசாத் தள்ளிவிடும்.

கஷ்டம் என்னெண்டா, கசிவு இல்லாமலே ஓடுறதுகளும் இருக்கு. அப்பாட விஷயத்தில அந்த ரெண்டாவது டொக்டர் சொன்னது அதைத்தான் எண்டு நினைக்கிறன்.

சிவப்பு அணுவில ஒட்டாம மிஞ்சின டெக்னீசியம் ரத்தத்தில சும்மா திரியும். அதைக் கிட்னி வடிச்சு சலமா அனுப்பும். கிட்னியில இருந்து சலப்பைக்கு வாற குழாய் ஈர்க்கு மாதிரி ஒடுக்கம், சலம் அதுக்குள்ள ஒரே சீரா ஓடாது, துளித்துளியாத் தள்ளுப்பட்டு இறங்கும். அந்தத் துளி ஒண்டு இடது பக்கம் கீழ நிக்கிற நேரம் பாத்து படம் விழுந்தா, அச்சொட்டா பெருங்குடல்ல கசிவு மாதிரியே இருக்கும். புதுசா வரும், கூடும், நகரவும் நகரும். அப்ப எப்பிடிப் பிரிச்சறியிற? போற வழியைப் பாக்கோணும். சலம் மேல இருந்து கீழ ஒரு கோடு பிடிச்ச மாதிரி சலப்பைக்கு இறங்கும், திரும்பி மேல வராது, வளையாது. குடல் அப்பிடி நேராப் போறதே இல்லை. சந்தேகம் எண்டா ஆளை எழுப்பி நடக்க விட்டு, சலம் போக விட்டு, திரும்பப் படுக்க வச்சு எடுக்கோணும், பக்கவாட்டிலயும் ஒரு படம், முதுகுப் பக்கமும் ஒரு படம். சலக்குழாய் முதுகோட ஒட்டி இருக்கிறது, அதால பின்பக்கப் படத்தில தெளிவாத் தெரியும். இப்ப ஸ்பெக்ட்-சிடி எண்டு ரெண்டு மெசின் சேந்தது இருக்கிற இடங்கள்ல அந்த வெளிச்சம் குடலுக்குள்ளயா வெளியிலயா எண்டு வெட்டு முகமாவே பாக்கலாம்.

இதைவிடக் கள்ளன் ஒருத்தன் இருக்கிறான், இரைப்பை. ஒட்டாத டெக்னீசியத்தை இரைப்பைத் தோல் இழுத்து எடுத்து உள்ளுக்குச் சுரக்கும், அது அப்பிடியே சிறுகுடலுக்கு இறங்கி, குடல் வளையிற வழியிலயே, குடல் நகருற வேகத்திலயே போகும். மேல சொன்ன மூண்டு அடையாளமும் அப்பழுக்கில்லாமப் பொருந்தும், ஆனா ஒரு சொட்டு ரத்தம் விழுந்திருக்காது. இதைப் பிடிக்க வயித்தைப் பாத்துப் பிரயோசனம் இல்லை, கழுத்தைப் பாக்கோணும். அதே ஒட்டாத டெக்னீசியம்தான் தைரோயிட்டுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் போகும். கழுத்துப் படம் ஒண்டு எடுத்து, அங்க தைரோயிட் பளிச்செண்டு தெரிஞ்சா, வயித்தில பாத்த வெளிச்சத்தையும் நம்பக் கூடாது. ரெண்டு நிமிஷ வேலை. நான் பழக்கின பிள்ளையளுக்கு வயித்தில எதைக் கண்டாலும் கழுத்தை ஒருக்காப் பாத்திட்டு வாங்கோ எண்டு சொல்லிச் சொல்லியே அலுத்துப் போனன்.

எனக்கு நடந்த ஒண்டையும் சொல்லோணும், எந்த ஆஸ்பத்திரி எண்டு வேணாம். வயசான ஒரு ஐயா, வலது இடுப்புப் பக்கம் ஒரு புள்ளி, வர வரக் கூடுது. நான் உள்ளுக்கு ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்திட்டன், அவ்வளவு நிச்சயம். அவர் படத்தைப் பாத்திட்டு என்னைப் பாத்து "ஐயாட சாரத்தை மாத்தினீரா?" எண்டு கேட்டார். இடையில சலம் போக எழும்பேக்க நாலு சொட்டு சாரத்தில பட்டிருக்கு. வேற சாரம் உடுத்தி எடுத்தா புள்ளியைக் காணேல்லை. அண்டைக்கு எனக்கு முகத்தை எங்க வைக்கிறது எண்டு தெரியேல்லை. படுக்கையில கிடக்கிற ஆக்கள், டியூப் போட்ட ஆக்கள், பம்பர்ஸ் கட்டின ஆக்கள் எண்டா இது இன்னும் லேசா நடக்கும்.

சரி, அப்பாக்கு வருவம். அந்தப் புள்ளி சலம் எண்டு முடிவானா, அப்பாக்குக் கசிவே இல்லை எண்டு அர்த்தம் இல்லை. ஹீமோகுளோபின் 7க்கு சும்மா இறங்காது, தார் மாதிரி சும்மா போகாது. கசிவு விட்டு விட்டு நடக்கும். ஸ்கான் எடுத்த அந்த ஒண்டரை மணித்தியாலம் கசியாம இருந்திருக்கும், அதுதான் உண்மையான கசிவு படத்தில வரேல்லை. நிமிஷத்துக்கு 0.1 மில்லிலீற்றர் கசிஞ்சாலே இந்த ஸ்கான்ல பிடிபடும், குழாய்க்குள்ள மருந்து விட்டு எடுக்கிற அஞ்சியோகிராமுக்கு 0.5இல இருந்து 1 மில்லிலீற்றர் வேணும். 0.1 எண்டா கேக்க ஒண்டும் இல்லை மாதிரி இருக்கும், ஆனா நாள் முழுக்கக் கசிஞ்சா 144 மில்லிலீற்றர், கிட்டத்தட்ட ஒரு பிளேன்டீக் கோப்பை. ஆனா கசியிற நேரம் பாத்து எடுக்கோணும். எங்கட பக்கத்து ஆக்களுக்கு அதுதான் பெரிய இடைஞ்சல், இங்க இருந்து கந்தளாய் தாண்டி ஹபரணை தாண்டி போய்ச் சேந்து, திகதி கிடைச்சுப் படுக்கேக்க கசிவு நிண்டிருக்கும்.

24 மணித்தியாலம் கழிச்சு எடுத்த படத்தையும் கவனமாப் பாக்கோணும். அடுத்த நாள் எடுத்த ஒரே படத்தில பெருங்குடல்ல வெளிச்சம் தெரிஞ்சா, இடையில எப்பவோ எங்கயோ கசிஞ்சிருக்கு எண்டு மட்டும்தான் சொல்லலாம். சிறுகுடல்ல விழுந்த ரத்தம் இரவோட இரவா நடந்து பெருங்குடலுக்கு வந்திருக்கும். அதைப் பாத்து இந்த இடம்தான் எண்டு வெட்டினா பிழையான துண்டு போகும், கசியிற இடம் உள்ளுக்கே இருக்கும். நல்ல சேர்ஜன்மார் இந்த ஸ்கானை மட்டும் வச்சுக் கத்தி எடுக்க மாட்டாங்க, சிடி அஞ்சியோகிராமோ வேற ஒண்டோ வச்சு இடத்தை உறுதி பண்ணிட்டுத்தான்.

அடுத்த முறை போகேக்க டொக்டரிட்ட கூச்சப்படாமக் கேளுங்க, ஓட விட்டுப் பாத்தீங்களா, கழுத்துப் படம் இருக்கா, சலம் போகவிட்டுத் திரும்ப எடுத்தவங்களா எண்டு. பிறகு சிறுகுடலைப் பாக்கிறதுக்கு விழுங்குற கமரா எண்டு ஒண்டு இருக்கு, மேலயும் கீழயும் ஒண்டும் காணாத ஆக்களுக்கு அதைத்தான் யோசிப்பாங்க, அதைப் பற்றியும் கேளுங்க. இடையில திரும்பக் கறுப்பாப் போனா, தலை சுத்தினா, வேர்த்தா, திகதி வரும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காம உடன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடுங்க.

கேள்வி: எனக்கு செவ்வாய்க்கிழமை நெஞ்சுக்கு ஒரு நியூக்ளியர் ஸ்கான், புதன்கிழமை குடலுக்கு இந்த ரத்த ஸ்கான். ரெண்டும் ஒரே பயணத்தில முடியட்டும் எண்டு மகன் ஒழுங்கு பண்ணியிருக்கிறான். பிரச்சினை ஒண்டும் இல்லையே?
ஓய்வு பெற்ற ஆசிரியர், தம்பலகாமம்

பதில்: இருக்கு அண்ணை, நல்ல வேளை எழுதினீங்க. நெஞ்சு ஸ்கானுக்குப் போடுற மருந்து வேலை முடிஞ்ச பிறகு ஈரலால வடிஞ்சு பித்தத்தோட குடலுக்குத்தான் இறங்கும். அடுத்த நாள் குடலைப் பாத்தா அங்க ஏற்கனவே வெளிச்சம் இருக்கும், அது நகரவும் செய்யும். டெக்னீசியம் 6 மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பாதியாகும், 24 மணித்தியாலத்தில பதினாறில ஒரு பங்குதான் மிஞ்சும் எண்டாலும் அந்தப் பங்கு முழுக்கக் குடலுக்குள்ள கிடந்தா குழப்பும். ரெண்டு இடத்திலயும் மற்ற ஸ்கானைப் பற்றிச் சொல்லுங்க, அவங்க நாளைத் தள்ளுவாங்க, இல்லாட்டி ஊசிக்கு முதல் வெறுமனே ஒரு படம் எடுத்து வச்சுக்கொண்டு தொடங்குவாங்க. மகனுக்கு பெற்றோல் செலவு கூடும், பரவாயில்லை.

கேள்வி: எனக்கு ஒரே ஒரு மகன், 3 வயசு. டொய்லட் போகக்குள்ள சிவப்பா ரத்தம் போகுது, வலி எண்டு அழுறதும் இல்ல, விளையாடிக்கிட்டுத்தான் இருக்கான். மெக்கல் ஸ்கான் எண்டு ஒண்டு எடுக்கணுமாம். அவன்ட வாப்பா கட்டார்ல, போன்ல கேட்டு கேட்டு அழுறார். அந்த ஸ்கான்லயும் பிழை வருமா? பிள்ளைக்கு சும்மா ஒப்பரேசன் பண்ணிடுவாங்களோ எண்டு பயமா இருக்கு.
ஒரு உம்மா, கிண்ணியா

பதில்: தங்கச்சி, வலி இல்லாம சின்னப் பிள்ளைக்கு இப்பிடி ரத்தம் போனா டொக்டர்மார் முதல்ல நினைக்கிறதுகள்ல மெக்கல் பை ஒண்டு, அதால உங்கட டொக்டர் சரியான வழியிலதான் போறார். இது வருத்தம் எண்டு சொல்றதைவிட பிறப்பில மிஞ்சின ஒரு சின்னப் பை எண்டு சொல்லலாம். நூறு பேர்ல ரெண்டு பேருக்கு மட்டில இருக்கும், சிறுகுடல் பெருங்குடலோட சேருற இடத்தில இருந்து ரெண்டு அடி தூரத்தில, ரெண்டு அங்குல நீளத்தில. இருக்கிற கன பேருக்கு அது இருக்கெண்டே தெரியாமப் போகும். சில பைக்குள்ள மட்டும் இரைப்பைத் தோல் மாதிரி ஒரு தோல் இருக்கும், அது அமிலத்தைச் சுரந்து பக்கத்துக் குடலைப் புண்ணாக்கும், அதாலதான் ரத்தம்.

மேல எழுதினதில இரைப்பை டெக்னீசியத்தை இழுக்கும், அது கள்ளன் எண்டு சொன்னேனே, இங்க அந்தக் கள்ளனை வச்சுத்தான் வேலையே. இதில ரத்தத்தில ஒட்ட வைக்கிறது இல்லை, டெக்னீசியத்தை வெறுமனே ஊசியாப் போடுவாங்க. இரைப்பை எப்ப வெளிச்சமா வருதோ, அந்தப் பையும் அதே நேரம், அதே வேகத்தில கூடிக்கொண்டு வரும், பெரும்பாலும் வலது பக்கம் கீழ. முன்னுக்குப் பின்னா வந்தா, அல்லது இரைப்பை கூடேக்க இது மங்கினா, அது வேற என்னவோ.

பிழையா வெளிச்சம் வாறதும் உண்டுதான். இங்கயும் முதல் குற்றவாளி சலம்தான், கிட்னியிலயும் சலக்குழாயிலயும் நிக்கிறது. நனைஞ்ச பம்பர்ஸ் ரெண்டாவது. குடல் ஒண்டுக்குள்ள ஒண்டு செருகினாலோ, அழற்சி இருந்தாலோ, ரத்தக் குழாய்க் கட்டி இருந்தாலோ அந்த இடத்துக்கு ரத்தம் கூட ஓடும், அதுவும் வெளிச்சமா வரும். இரைப்பையில சுரந்தது கீழ இறங்கி சிறுகுடல்ல தேங்கினாலும் அப்பிடித்தான். அதால சில இடங்கள்ல ரெண்டொரு நாளைக்கு முதல்ல இருந்து ஃபமோடிடின் மாதிரி அமிலம் குறைக்கிற மருந்து குடுப்பாங்க, அது குடுத்தா பையில சேந்த டெக்னீசியம் கெதியா வெளியேறாம அங்கயே நிக்கும், படம் தெளிவா வரும். டொக்டர் தந்தா ஒரு வேளையும் தவற விடாதீங்க, தரேல்லை எண்டா நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க. வெறும் வயித்தோட வரச் சொன்ன நேரத்துக்கு வெறும் வயித்தோடயே கொண்டு போங்க, பாவம் எண்டு பிஸ்கட் குடுக்கிறதுதான் எல்லாரும் செய்யிற பிழை. மாத்துறதுக்கு பம்பர்ஸ் நாலைஞ்சும், மாத்து உடுப்பும், அவனுக்குப் பிடிச்ச கார்ட்டூன் போட்ட போனும் கையில இருக்கட்டும், அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் அசையாமக் கிடக்கோணுமே.

இன்னொண்டு, இது டொக்டர்மாரே சில நேரம் மறக்கிறது. ரத்த ஸ்கானும் மெக்கல் ஸ்கானும் ரெண்டும் எடுக்கிறதா இருந்தா மெக்கலைத்தான் முதல்ல எடுக்கோணும். ரத்த ஸ்கானுக்கு டெக்னீசியத்தை ஒட்ட வைக்க உடம்புக்குள்ள போடுற வெள்ளீய மருந்து சிவப்பு அணுக்களுக்குள்ள நாள்க்கணக்கா நிக்கும், அதுக்குப் பிறகு வெறும் டெக்னீசியத்தைப் போட்டாலும் அது ரத்தத்திலயே ஒட்டிக்கொள்ளும், பைக்குப் போகாது. அதால முதல் எந்த ஸ்கான் எடுத்தீங்க எண்டு கேட்டா துண்டோட காட்டுங்க. அவன்ட வாப்பாக்கும் சொல்லுங்க, ஸ்கான்ல ஒரு புள்ளியைப் பாத்த உடன பிள்ளையைத் தியேட்டருக்குள்ள கொண்டு போறது இல்லை. உண்மையிலயே பை இருந்து அது ரத்தம் கக்கினா, அதை எடுக்கிறது பிள்ளை சேர்ஜன்மாருக்குப் பழகின ஒப்பரேசன்தான்.

கேள்வி: கேக்க வெக்கமா இருக்கு. வெள்ளிக்கிழமை எனக்கு ரத்த ஸ்கான், அதே நாள்ல எனக்கு மாதத்துக்கு வாற நாள். சொல்லோணுமா?
பெயர் வேணாம், திருகோணமலை

பதில்: கட்டாயம் சொல்லோணும் பிள்ளை. அந்த நாட்கள்ல கர்ப்பப்பையில ரத்தம் கூட, அது சலப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவில இருக்கிறதால முன்னால இருந்து எடுத்த படத்தில குடல்ல கசிவு மாதிரியே விழும். ஃபைப்ரொயிட் கட்டி இருந்தாலும் இதே கதைதான். தெரிஞ்சா பக்கவாட்டுப் படம் ஒண்டு கூட எடுத்துத் தீத்துடுவாங்க. ஆம்பிளை டெக்னீசியனா இருந்தா நேர்ஸிட்ட சொல்லி விடுங்க, அல்லது துண்டில எழுதிக் குடுங்க. வயித்தில பிள்ளை இருக்கலாம் எண்டு சந்தேகம் இருந்தாலோ, பால் குடுக்கிற ஆள் எண்டாலோ அதையும் ஊசிக்கு முதல். ஆம்பிளையளும் சிரிக்க வேணாம், உங்கட உறுப்பிலயும் ரத்தம் நிக்கும், முன்பக்கப் படத்தில அது மலக்குடல் கசிவு போலத் தெரிஞ்சு எத்தினையோ பேரை அலைய வச்சிருக்கு.

கேள்வி: அண்ணை, நான் ரேடியோகிராபி படிக்கிறன். சிவப்பு அணுவில டெக்னீசியம் ஒட்ட வைக்கிறதுக்கு மூண்டு முறை எண்டு படிப்பிச்சாங்க. எது திறம், ஏன் திறம் எண்டு விளங்கேல்லை. பாஸ் பண்ண எழுதுறதுக்கு இல்லை, உண்மையா விளங்கோணும்.
மாணவன், ஆலங்கேணி

பதில்: தம்பி, கடைசி வசனத்துக்காகவே உமக்கு நீட்டி எழுதுறன்.

டெக்னீசியம், அதை வடிச்செடுக்கிற ஜெனரேட்டர் எண்ட பெட்டியில இருந்து பேர்டெக்னடேட் எண்ட வடிவத்தில வரும். அது சிவப்பு அணுவுக்குள்ள லேசாப் போகும், அதே மாதிரி லேசா வெளியிலயும் வந்திடும். உள்ளுக்கு ஏற்கனவே வெள்ளீயம், அதான் டின், காத்துக்கொண்டு இருந்தா அது டெக்னீசியத்தை மாத்திப் போடும், மாறின டெக்னீசியம் ஹீமோகுளோபின்ல ஒட்டிக்கொண்டு வெளியில வர ஏலாமப் போகும். மீன் பிடிக்கிற கூடு மாதிரி, போகலாம், திரும்ப ஏலாது. ஆனா வெள்ளீயம் அணுவுக்கு வெளியில பிளாஸ்மாவிலயும் மிஞ்சி இருந்தா, டெக்னீசியத்தை வெளியிலயே மாத்திப்போடும், அது பிறகு உள்ள போகவே மாட்டுது. வெள்ளீயம் குறைஞ்சாலும் பிழை, கூடினாலும் பிழை எண்டு சொல்றது இதாலதான்.

முதல் முறை இன் விவோ, அதாவது உடம்புக்குள்ளயே ஒட்ட வைக்கிறது. பைரோபொஸ்பேட்டோட வெள்ளீயத்தை ஊசியாப் போட்டு, 20, 30 நிமிஷம் விட்டு, டெக்னீசியத்தைப் போடுறது. லேசான வேலை, மலிவு, ஆனா ஒட்டுறது 75, 80 சதவீதம் மட்டில, சில ஆக்களுக்கு அதைவிடவும் குறையும். ரெண்டாவது, அதையே கொஞ்சம் திருத்தினது: வெள்ளீயம் போட்ட பிறகு ரத்தத்தை சிரிஞ்சுக்குள்ள எடுத்து, அங்க வச்சு டெக்னீசியத்தோட கலந்து, பொறுத்துத் திரும்ப ஏத்துறது, 85, 90 சதவீதம் வரும். மூண்டாவது இன் விட்ரோ, அதாவது உடம்புக்கு வெளியில ஒட்ட வைக்கிறது. 1இல இருந்து 3 மில்லிலீற்றர் ரத்தம் எடுத்துக் குப்பிக்குள்ள முழு வேலையும். அதுக்கெண்டு வாற மருந்துக் கிட்ல ஹைப்போகுளோரைட் இருக்கு, அது அணுவுக்கு வெளியில நிக்கிற வெள்ளீயத்தை மட்டும் செயலிழக்கப் பண்ணும், அணுத் தோலைத் தாண்டி உள்ள போகாது. அதால 95 சதவீதத்துக்கு மேல ஒட்டும்.

இந்தச் சதவீதத்தைப் பரீட்சைக்கு மட்டும் வச்சிருக்காம கணக்குப் போட்டுப் பாரும். 1000 மெகாபெக்கரல் (கதிரை அளக்கிற அலகு) போடுறீர், 75 சதவீதம் ஒட்டினா 250 மெகாபெக்கரல் ஒட்டாமத் திரியுது. 97 சதவீதம் எண்டா 30. அந்த 250 எங்க போகும்? இரைப்பைக்கு, கிட்னிக்கு, தைரோயிட்டுக்கு. உவர்மலைத் தங்கச்சிக்கு எழுதின அவ்வளவு ஏமாத்தும் அந்த 250இல இருந்துதான் பிறக்குது. படம் பாக்கிற டொக்டர்ட தலையில போடுறதுக்கு முதல் குப்பியிலயே பாதிப் பிழையைத் தீர்க்கலாம் எண்டுறது என்ட கருத்து, காசு கூட எண்டாலும் கசிவுக்கு இன் விட்ரோதான் செய்யோணும்.

ஆனா ஒரு பயம் இருக்கு. ரத்தம் ஆளுக்கு வெளியில வருது, திரும்ப உள்ள போகுது. ஒரே நேரத்தில ரெண்டு பேருக்குக் கலக்கி லேபிள் மாறினா ஸ்கான் மட்டும் பிழையாப் போறதில்லை, ஆளுக்கே ஆபத்து. பெயரை ரெண்டு பேர் வாசிச்சுப் பாத்து, கையில கட்டியிருக்கிற பட்டியோட ஒத்துப் பாத்துத்தான் ஏத்தோணும், எவ்வளவு அவசரம் எண்டாலும்.

மருந்துகளும் குழப்பும். ஹெப்பரின், மெதில்டோபா, ஹைட்ரலசின் மாதிரி மருந்துகள், புற்றுநோய்க்குக் குடுக்கிற டொக்ஸோரூபிசின், சிடி எடுக்கிற அயடின் மருந்து இதெல்லாம் ஒட்டுறதைக் குறைக்கலாம். ஹெப்பரின் ஓடின லைனுக்குள்ளயே நேர்ஸ் ரத்தம் எடுத்துத் தந்தா வாங்காதீர், வேற நாளத்தில குத்தி எடும். இப்பத்தான் ரத்தம் ஏத்தின ஆக்கள்லயும் கவனம். அதைக் கேட்டு எழுதி வச்சிட்டு கழுத்துப் படத்தையும் எடும். கடைசி மணித்தியாலங்கள்ல எவ்வளவு நல்லா ஒட்டினாலும் சலப்பை கொஞ்சம் தெரியத்தான் செய்யும், அதைப் பாத்துப் பதறவும் வேணாம்.

கேள்வி: பீற்றூட், சிவப்புக் கீரை சாப்பிட்டிட்டுப் போனா ஸ்கான்ல ரத்தம் எண்டு காட்டுமா? எனக்கு இரும்புக் குளிசையும் தந்திருக்கிறாங்க.
குடும்பத் தலைவி, நிலாவெளி

பதில்: கமராவுக்கு நிறம் தெரியாது அக்கா, அது கதிரை மட்டும்தான் பிடிக்கும். பீற்றூட் ஏமாத்துறது உங்களைத்தான், டொய்லட்ல சிவப்பைப் பாத்து நெஞ்சு திடுக்கிடும். இரும்புக் குளிசை குடிச்சா கறுப்பா, சில நேரம் கரும்பச்சையாப் போகும், ஆனா ரத்தம் கலந்த கறுப்பு தார் மாதிரிப் பிசுபிசுத்து ஒட்டும், நாத்தமும் வேற மாதிரி. குளிசையை நீங்களா நிப்பாட்டாதீங்க, அந்த அட்டையைக் கிளினிக் புத்தகத்தோட சேத்துக் கொண்டு போய்க் காட்டுங்க. வெறும் வயித்தோட வரச் சொல்லேல்லை எண்டா பீற்றூட் கறியையும் நிம்மதியாச் சாப்பிட்டிட்டே போங்க.